மேலவையின் பதினேழாம் நாற்காலி

மார்ச் 6, வெள்ளி. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மூன்றாவதாக வரவேண்டிய மசோதாவை நான்காவதாகப் போட்டுவிட்டேன்.

நாட்குறிப்பில் இப்படி எழுதிய பிறகு 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையாகத் தெரிந்தது, மறுபடி எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதி, மறுநாள் வேலையோடு முடிக்க வேண்டும் என்பது அவள் போகும் மாலை எழுத்து வகுப்பின் ஆசிரியை போட்ட விதி. அன்று மறுநாள் வேலை என்ன என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மேலவையின் அலுவல் பட்டியல் பிரிவில் அவளுக்கு 'மூணுதடவை' என்று பெயர். எதையும் மூன்று முறை படித்துத்தான் அச்சுக்கு அனுப்புவாள். அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். வேலையில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. நிரந்தரம் ஆக இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமைகள் அமைச்சர் அல்லாத தனி உறுப்பினர்களின் மசோதாக்களுக்கானவை. யார் முதலில் அறிவிப்புக் கொடுத்தாரோ அவருடையது முதலில். மாலை ஐந்துக்கு மணி அடித்தால் அவை கலையும். அதற்குள் எடுக்கப்படாத மசோதா அடுத்த வெள்ளி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இந்தக் கூட்டத்தொடரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளி. அதிலும் எடுக்கப்படாவிட்டால் மசோதா காலாவதி.

நான்காவதாக நின்றது, கைவிட்ட கல் குவாரிக் குழிகளுக்கு வேலி போடச் சொல்லும் மசோதா. கொண்டுவந்தவர் ஒரு முதிய உறுப்பினர். அவரைக் கொண்டுவர வைத்தவர் ஒரு தையல்காரம்மா. மழைநீர் நிறைந்த குழியில் ஏழு வயது மகனைப் பறிகொடுத்தவர். வெள்ளி தவறாமல் வந்து பார்வையாளர் மாடத்தின் பதினேழாம் நாற்காலியில் உட்காருவார். இருமலைக் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொள்வார். அவர் பக்கத்தில் போனால் தையல் மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் மணக்கும்.

அன்று காலை படிக்கட்டில் அவளை நிறுத்தி, "நம்மளது எத்தனாவது கண்ணு?" என்று கேட்டார்.

"நாலாவதும்மா."

"மூணாவதுன்னுல்ல மெம்பர் ஐயா சொன்னாரு?"

"இல்லம்மா, நாலாவதுதான். நானே மூணு தடவை பார்த்தேன்."

"அப்ப சரி. நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

மூன்றாவது மசோதாவின் விவாதம் ஐந்து மணி வரை இழுத்தது. மணி அடித்தது. மேலே ஒரு இருமல் கேட்டது. பிரிவுக்குத் திரும்பி அறிவிப்புக் கோப்பைப் பிரித்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். இரண்டு அறிவிப்புகளும் ஒரே தேதி. குவாரி மசோதா காலை பத்து நாற்பதுக்கு வந்தது. அவள் முன்னால் போட்டதோ மாலை மூன்றே காலுக்கு வந்தது. தேதியை மூன்று தடவை பார்த்தவள் நேரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஓடிப்போய் தையல்காரம்மாவை வாசலில் பிடித்தாள். "நேரம் ஆயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாள்.

"இருக்கட்டும் கண்ணு, அடுத்த வெள்ளி வரேன். நான் எங்க போயிடப் போறேன்?"

திங்கட்கிழமை காலை, எப்போதும்போல அன்றைய பட்டியல்களோடு மாடத்துக்குப் போனாள். அவை கூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உயரமான ஜன்னல்களில் வெயில் தூசியோடு நின்றது. ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் ஸ்பிரிங் நாற்காலிகள் அவை. அறுபதில் ஐம்பத்தொன்பது மடிந்து நின்றன.

ஒன்று மட்டும் விரிந்திருந்தது.

"வா மூணுதடவை," என்றார் மாடத்துக் காவலர். "பதினேழுக்கு ஸ்பிரிங் போச்சு. நம்ம முட்டி மாதிரி. புகார் எழுதிட்டேன், சனிக்கிழமை ஆள் வர்றான்."

அவள் குனிந்து இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. உடைந்த ஸ்பிரிங் தொளதொள என்றல்லவா ஆடும்? இதுவோ மேலிருந்து யாரோ அழுத்துவதுபோல் கனத்தது. இருக்கையின் நடுத்துணி லேசாகக் குழிந்திருந்தது.

"அண்ணே, அந்தத் தையல்காரம்மா..."

"உனக்குத் தெரியாதா?" காவலர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆஸ்பத்திரியில போயிட்டாங்களாம். நுரையீரல். மசோதா கொண்டுவந்த பெரியவர் ஆபீஸ்ல சொன்னாங்க. பாவம், வேலியைப் பார்க்காமலே போயிட்டாங்க."

மெஷின் எண்ணெய் மணத்தது.

அன்று நாட்குறிப்பில் 'நாற்காலி பழுது' என்று மட்டும் எழுதினாள். மகனையே விழுங்கிய குழிக்குத் தன் கவனக்குறைவு துணைபோனதை எந்த வார்த்தையில் எழுதுவது? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. செத்தவர் வந்து கேட்கவா போகிறார் என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் சொன்ன மனத்தின்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை நான்கு மணிக்கு அவை சீக்கிரமே கலைந்தது. மிஞ்சிய பட்டியல்களைப் பொறுக்க மாடத்துக்குப் போனாள். காவலர் தேநீருக்குப் போயிருந்தார். கீழே கூடத்தில் யாரும் இல்லை. விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்துகொண்டிருந்தன.

பின்னால் யாரோ இருமினார்கள்.

கைக்குட்டைக்குள் அடக்கிய இருமல்.

அவள் திரும்பவில்லை. புதுத்துணி வாசம் நெருங்கி வந்து தோளருகே நின்றது.

"நம்மளது எத்தனாவது கண்ணு?"

கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஒன்பதாவதும்மா," என்றாள் பழக்கத்தில். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அது ஒன்பதாவதாகத்தான் இருந்தது. ஒன்பதாவது என்றால் ஐந்து மணிக்குள் வரவே வராது.

காத்திருக்கும் மூச்சுமட்டும் கேட்டது.

"மூணாவதும்மா," என்று உடைந்தாள். "மூணாவதுதான். நான்தான் தப்பாப் போட்டேன்."

இருக்கை ஒருமுறை கிரீச்சிட்டது. சாய்ந்து உட்கார்ந்த சத்தம்.

வியாழன் காலை, பிரிவு அதிகாரியின் மேஜைமேல் இரண்டு அறிவிப்புகளையும் தன் கடிதத்தையும் வைத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு தடவை படிக்கிறவன்னுதானேம்மா உன்னை ஊரே சொல்லுது? நாலாவது தடவை படிக்கக் கூடாதுன்னு யாராவது தடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"யாரும் புகார் பண்ணல. யாரும் கேக்கல. உன் ஃபைல் இந்த வாரம் மேல போகுது. இதைக் கிழிச்சுப் போட்டா எனக்கும் வேலை மிச்சம்."

"கேக்குறாங்க சார்."

"யாரு?"

அவள் மாடம் இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு அவைத் தலைவரின் அறைக்கு நடந்தார். மதியம் திருத்தப் பட்டியல் வந்தது: அலுவலகப் பிழை காரணமாக, குவாரி மசோதா முதலாவது. கூடவே இன்னொரு தாளும் வந்தது. அவளுடைய தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, அவையின் மேஜையருகே தன் முக்காலியில் உட்கார்ந்து மசோதாவின் தலைப்பு வாசிக்கப்படுவதைக் கேட்டாள். முதிய உறுப்பினர் எழுந்தார். குழியின் ஆழத்தைச் சொன்னார். பையன் செருப்பைக் கரையில் ஜோடியாக விட்டுவிட்டு இறங்கியதைச் சொன்னார். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது.

அவள் மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது மடியும் என்று நினைத்தாள். பதினேழு விரிந்தே இருந்தது.

ஐந்து மணிக்கு அவை கலைந்ததும் மேலே போனாள். காவலர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"மூணுதடவை," என்றார் மெல்ல. "பத்து வயசுக்குக் கீழ யாரையும் நான் விடுறதில்ல. உனக்கே தெரியும். இன்னிக்கும் விடல."

"என்னண்ணே?"

அவர் கையை மட்டும் நீட்டினார்.

பதினேழாம் நாற்காலி முழுதாக விரிந்திருந்தது. பக்கத்தில் பதினெட்டு.

அது பாதிதான் இறங்கியிருந்தது.

பெரியவர்கள் உட்கார்ந்தால் இருக்கை முழுக்கத் தாழும். அந்த இருக்கை பாதியில் நின்று, மெல்ல மேலும் கீழும் ஆடியது. ஸ்பிரிங்கை ஜெயிக்கப் போதாத எடை. அதன் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. வாசல்வரை பின்வாங்கி, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். பூட்டவில்லை. இழுத்துப் பார்க்கவும் இல்லை.

மார்ச் 13, வெள்ளி. மசோதா இங்கே நிறைவேறியது. இனி கீழவைக்குப் போகவேண்டும். இருவரும் காத்திருக்கிறார்கள். நாளை: நாற்காலி சரிசெய்ய வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். புகார் புத்தகத்தில் பதினேழுக்கு நேரே 'பழுதில்லை' என்று எழுத வேண்டும். பதினெட்டுக்கும்.