அடியில் நுழையாத ஜாக்கி

என் அக்காவை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கேள்விப்பெட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது. எனக்கு ஆறு.

அன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டை ஒட்டிய எங்கள் பட்டறையின் கூரையில் ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே இரும்பு கடையும் லேத் இயந்திரம். மழை வந்தால் தண்ணீர் அதன் மோட்டாரில்தான் சொட்டும். மோட்டார் எரிந்தால் எங்கள் பிழைப்பும் நின்றுவிடும்.

"ஓட்டையை அடைச்சா போச்சு, ஏம்ப்பா அடைக்கல?" என்று அக்கா கேட்டாள்.

"தகரம் இத்துப்போச்சும்மா. மேல ஏறினா மழைக்கு முன்னாடி நான் விழுவேன்."

லேத்தைத்தான் நகர்த்த வேண்டும். போன தடவை நெம்பியபோது கடப்பாரை வழுக்கி அப்பாவின் கால் கட்டைவிரல் நசுங்கிவிட்டது.

"இன்னொரு தடவை கடப்பாரையைத் தொட்டுப் பாருங்க!" என்றாள் அம்மா. அப்பா தொடவில்லை.

அதனால் அப்பாவும், வெல்டிங் வேலை செய்யும் மாமாவும் சேர்ந்து ஒரு ஜாக்கி செய்தார்கள். தடித்த தகட்டின் மேல் ஒரு குழாய். குழாயின் தலையில் நட்டு. நட்டுக்குள் பெரிய போல்ட்டு. திருகத் திருக போல்ட்டு மெல்ல மேலே எழும்பியது.

"யானையையே தூக்கும்!" என்றார் மாமா.

ஜாக்கியை லேத் அருகே கொண்டுபோனார்கள். லேத்துக்கு அடியில் ஒரு விரல் நுழையும் சந்துதான் இருந்தது. ஜாக்கியோ ஒரு சாண் உயரம்!

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஜாக்கியை உள்ள வைக்கணும்னா முதல்ல லேத்தைத் தூக்கணும். அதுக்கு ஒரு ஜாக்கி செய்வீங்களா?"

மாமா தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேருமே அளக்கலையா மாமா?" என்று அக்கா கேட்டாள்.

"அவர் அளந்திருப்பார்னு நான் நினைச்சேன்."

"நீ அளந்திருப்பேன்னு நான் நினைச்சேன்" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து, என் நீலக் கோலிக்குண்டு வீட்டிலிருந்த மரப்பெட்டிக்கு அடியில் உருண்டுவிட்டது. நான் ஓவென்று அழுதேன். அக்கா ஓடி வந்தாள்.

"அழாதடா. நான் பெட்டியைத் தூக்குறேன், நீ குச்சியால தள்ளு."

விளிம்புக்கு அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினாள். பெட்டி கொஞ்சம் எழும்பியது. அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், நான் எங்க நிக்கிறேன்?"

"பெட்டிக்குப் பக்கத்துல."

"அடியில இல்லல்ல?"

"இல்ல. விரல் மட்டும்தான் அடியில இருக்கு."

பெட்டியைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடினாள். என் கோலி உள்ளேயே கிடந்தது.

"அப்பா! ஜாக்கி ஏன் அடியில போகணும்? வெளிய நிக்கட்டும். அதுக்கு ஒரு விரல் வெச்சா போதாதா?"

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கேள்விப்பெட்டி பதில் பெட்டியாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் அப்பா.

ஜாக்கியின் குழாயைவிடப் பெரிய குழாய் ஒன்றை அதற்குச் சட்டைபோல் மாட்டினார்கள். நட்டைக் கழற்றிச் சட்டையின் தலையில் பற்றவைத்தார்கள். போல்ட்டைத் திருகினால் அதன் நுனி அடித்தகட்டில் ஊன்றிக்கொள்ள, இப்போது சட்டையே மேலே ஏறியது. சட்டையின் கீழ் ஓரத்தில் விரல்போல ஓர் இரும்புத் துண்டு.

அந்த விரல் சந்துக்குள் அழகாக நுழைந்தது.

"யாரும் கையைக் காலைக் கிட்ட கொண்டு வராதீங்க" என்று சொல்லி, அம்மா ஸ்பேனரால் திருகினாள். லேத் முனகியது. ஒரு முனை எழும்பியது! லேத் உருண்டு நகர்வதற்காக அப்பா நீளக் கம்பியால் ஒரு குழாயை அடியில் தள்ளினார். பிறகு மறு முனை. எல்லோரும் தள்ள, லேத் கடகடவென்று நகர்ந்தது.

சற்று நேரத்தில் மழை கொட்டியது. லேத் இருந்த இடத்தில் ஒரு வாளி வைத்தோம். டொக், டொக்.

அக்கா இப்போது இல்லை. அந்த ஜாக்கி என் பட்டறையில் இருக்கிறது. அதன் இரும்பு விரல் தேய்ந்து பளபளக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் அன்றைய சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

எல்லோரும் அக்காவைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூக்கை உறிஞ்சினேன்.

"என் கோலி?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து பாவாடையை இழுத்துச் செருகினாள்.

"மாமா, அந்த ஜாக்கியைக் கொஞ்சம் வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. பெரிய வேலை ஒண்ணு பாக்கி இருக்கு!"