இரண்டு சுழி அன்னார்

"செத்துட்டாரா? யாரு?... சத்தமா சொல்லு புள்ள, மழையில ஒண்ணும் கேக்கல!"

"..."

"பாலா ஸ்டோர்ஸ் முதலாளியா? அடியே, நேத்துத்தானே அவருகிட்ட பருப்பு வாங்கினேன்!"

கண்ணாடிக் கூண்டுக்குள் மல்லிகா ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். மறுமுனையில் அவள் மகள் விஜயகலா. துபாயில் வீட்டு வேலை.

"நெட்டுல போட்டிருக்கா? போட்டோவோடயா?... ஐயோ!"

ரிசீவர் தொங்கியது. மல்லிகா குடையைக்கூட எடுக்காமல் புளத்கொகுபிட்டிய கடைவீதி மழைக்குள் ஓடினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த கொமியூனிகேஷன் கடைக்காரன் சுதாகரன் அவளிடம் காசு கேட்கவில்லை.

சிரிப்பை அடக்குவதிலேயே குறியாக இருந்தான்!

அந்த மரண அறிவித்தலை எழுதியவனே அவன்தான். காலையில் கடை திறந்ததும் செய்த முதல் வேலை.

பாலசுப்பிரமணியம் முதலாளி குத்துக்கல் மாதிரி உயிரோடுதான் இருந்தார்.

சாக வேண்டியது அவரல்ல.

கஜேந்திரன் நெட்டில் நடத்தும் மரண அறிவித்தல் சைட்!

எட்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்தில், அந்த யோசனை சுதாகரனுடையது. தேயிலைத் தோட்டத்துச் சாவுச் செய்தியை உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் சொந்தக்காரனும் பார்க்கும்படி ஒரு சைட். அப்பாவின் லொறியை விற்றான். கொழும்புக் கம்பெனி ஒன்று கட்டிக் கொடுத்தது. அலமாரி அளவில் ஒரு சேர்வர். அதற்குக் குளிரூட்டிய அறை. அதைத் தடவிக் கொடுக்க மாதாமாதம் ஒரு இஞ்சினியர்.

எல்லாம் இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. அப்போது யார் வீட்டில் நெட் இருந்தது?

அந்தச் சேர்வர் இன்னும் கடை மூலையில்தான் நிற்கிறது. தலையில் ஃபெக்ஸ் பேப்பர் பெட்டிகளோடு. தரை தட்டிய கப்பல் மாதிரி.

இதே கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருந்த கஜேந்திரன், போன வருஷம் அதே சைட்டைத் தொடங்கினான். குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில்! பழைய கொம்பியூட்டரில்! மென்பொருள் இலவசம். சேர்வர் ஏதோ ஒரு நாட்டில், வாடகைக்கு. கூட்டம் வந்தால் கூடக் கொடுக்கலாம். வராவிட்டால் இரண்டு சோத்துப் பார்சல் விலைதான். வேலைக்கு ஆள் கிடையாது. யார் அறிவித்தலை நிரப்பி அனுப்பினாலும் அது தானாகவே ஏறிவிடும்.

அதில் தமிழாவது உண்டா? 'அன்னாரின் இறுதிக் கிரியைகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில், படிவத்திலேயே 'அண்ணாரின்' என்று அச்சடித்து வைத்திருந்தான் மடையன்!

சுதாகரன் அந்தச் சைட்டை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறப்பான். பார்வையாளர் எண்ணிக்கை ஏறியிருக்கும். வயிறு எரியும். ஏற்றியதில் தானும் ஒருவன் என்பது பிறகுதான் உறைக்கும்.

இப்போது கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வெள்ளிக்கிழமை வருகிறதாம். சைட்டை வாங்க. கஜேந்திரனுக்குப் பக்கபலம் யார் என்றால், அன்று காசு கேட்டுப் போன சுதாகரனைக் கடை வாசலோடு திருப்பி அனுப்பிய அதே பாலசுப்பிரமணியம் முதலாளி.

உயிரோடு இருப்பவனைச் சாகடித்த சைட்டை எந்தக் கம்பெனி வாங்கும்?

சுதாகரன் வாய்விட்டே சிரித்தான்.

அப்போதுதான் கடை வாசலில் ஒரு திரீவீலர் வந்து நின்றது. மழைக்காக ரெக்ஸின் திரை இறக்கிவிடப்பட்டிருந்தது. உள்ளிருந்து கஜேந்திரன் குதித்தான்.

"அண்ணே! முதலாளி செத்துட்டாரு!"

"நானும் பாத்தேன். குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுசனை இப்படியா..."

"சைட்டை விடுங்கண்ணே! நெசமாவே செத்துட்டாரு! கடைக்குப் பின்னால, அரிசி மூட்டைக்கு நடுவுல... மண்டையில அடி!"

சுதாகரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"என்னடா உளறுற?"

"காலையில அறிவித்தல். அதுக்குப் பெறகுதான் சாவு! போலீஸ் சும்மா விடுமா? 'ஓயா கொஹொமத தன்னே?'ன்னு ஸ்டேஷன் ராலஹாமி மூணு தரம் கேட்டுட்டாரு. முன்னாடியே எப்படித் தெரியும்னா நான் என்னத்தச் சொல்ல?"

"அப்ப... எழுதினவன்தான் கொன்னவன்னு..."

"எழுதினவன் யாருன்னு யாருக்குத் தெரியும்? சைட்டு என் பேர்ல. ஜீப்பு வந்துகிட்டிருக்கு. என்னத்தான் தூக்கப் போறாங்க!"

சுதாகரன் வாசலைப் பார்த்தான். ஜீப் இன்னும் வரவில்லை.

'நான்தான் எழுதினேன்.' இரண்டே சொல். சொன்னால் இவன் தப்பிப்பான். சொன்னவன் மாட்டுவான்.

"நான் உள்ள போயிட்டா சைட்டு செத்துரும்ணே." கஜேந்திரனின் குரல் உடைந்தது. "அத நடத்தத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நீங்க மட்டுந்தான். நீங்களே வச்சுக்கங்க. வெள்ளிக்கிழமை கொழும்பு ஆளுங்ககிட்டயும் நீங்களே பேசுங்க."

சுதாகரன் மூலையைப் பார்த்தான். எட்டு வருஷத் தூசியோடு அந்த அலமாரி. அப்பாவின் லொறி!

"சரி, குடு," என்றான்.

கஜேந்திரன் அவனையே பார்த்தான்.

"கடைசியா ஒரு உதவிண்ணே. முதலாளிக்கு முறையா ஒரு அறிவித்தல் போடணும். என் கை நடுங்குது. நான் சொல்றேன். நீங்க அடிங்க."

சுதாகரன் விசைப்பலகையை இழுத்தான். விரல்கள் ஓடின. படிவத்தில் 'அண்ணாரின்' வந்த இடத்தில் மட்டும் நின்று, அதைத் திருத்தின.

"நில்லுங்க!" கஜேந்திரன் தோளுக்கு மேலாகக் குனிந்தான். "அது மூணு சுழி ண-வாச்சே? படிவத்துல அப்படித்தானே இருக்கு? அத ஏன் மாத்துறீங்க?"

"அது பிழைடா மடையா! மூணு சுழி போட்டா, நீ உங்கண்ணனுக்குக் கிரியை பண்ற மாதிரி ஆயிரும்! அன்னார்னா ரெண்டு சுழி! எத்தனை தரம் சொல்றது?"

"பிழைதாண்ணே. ஆனா இதுவரைக்கும் வந்த எல்லாருமே அத அப்படியே விட்டுத்தான் அனுப்பினாங்க. ஒரே ஒரு அறிவித்தல்லதான் ரெண்டு சுழி."

"எ... எதுல?"

"இன்னைக்குக் காலையில வந்ததுல!"

சுதாகரனின் விரல்கள் விசைகளின் மேலேயே செத்துப்போயின.

"ஊரை ஏமாத்தப் பொய் எழுத உக்காந்தீங்க. அப்பக்கூட பிழையோட எழுத மனசு வரலயே உங்களுக்கு!"

"கஜேன்... எழுதினது நான்தான்! ஒத்துக்கிறேன்! ஆனா கொல்லலடா! எங்கம்மா சத்தியமா நான் கொல்லல!"

"கொல்லலன்னு எனக்குத் தெரியும் தம்பி."

அது கஜேந்திரனின் குரல் அல்ல!

அவன் சட்டைப் பையிலிருந்து வந்தது. பையில் இருந்த போன் பச்சையாக ஒளிர்ந்தது.

செத்துப்போன பாலசுப்பிரமணியத்தின் குரல்!

வாசலில் திரீவீலரின் திரை விலகியது. காதில் போனோடு, வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி முதலாளி இறங்கி வந்தார்.

"காலையிலருந்து செத்துக் கெடக்கேன். ஒரு பிளேன்டீ குடிக்கக்கூட விடல இவன்!"

சுதாகரன் நாற்காலியில் சரிந்தான். "போலீஸ்... ராலஹாமி..."

"எந்த ராலஹாமி? அவரு என் கடையிலதான் பீடி வாங்கிகிட்டு நிக்கிறாரு. உனக்கு எதுக்குத் தம்பி போலீசு? மாலையில்ல போடணும்!"

கஜேந்திரன் சைட்டைத் திறந்து திரையைத் திருப்பினான்.

பார்வையாளர் எண்ணிக்கை!

போன வருஷம் முழுக்க வந்த கூட்டம், ஒரே காலையில் வந்திருந்தது. துபாய், டோஹா, திருச்சி, கொழும்பு... முதலாளி சாவை உலகமே எட்டிப் பார்த்திருந்தது.

"சேர்வர் மூச்சுத் திணறிருச்சுண்ணே. குசினியில உக்காந்தபடியே பெருசா வேற ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டேன். சாயங்காலம் 'முதலாளி உயிரோட இருக்காரு'ன்னு போடுவேன். அதுக்கு இன்னொரு கூட்டம் வரும்."

"கொழும்பு ஆளுங்க?" சுதாகரனுக்குக் கடைசியாக ஒரு நப்பாசை.

"வெள்ளிக்கிழமை வரல."

"வரலயா!"

"நாளைக்கே வாராங்களாம். விலையக் கூட்டிச் சொல்றாங்க. அவங்களுக்கு வேண்டியது கூட்டந்தானே? யாரு செத்தா என்ன?"

மூலையில் நின்ற அலமாரி அவனைப் பார்த்துப் பல்லிளிப்பது போலிருந்தது.

முதலாளி பிளேன்டீயைத் தேடி எதிர்க்கடைக்குப் போனார். கஜேந்திரன் வாசல்படியில் நின்று திரும்பினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எழுதினத மன்னிச்சிருவேண்ணே. ஆனா, நான் மாட்டிக்கிட்டேன்னு வந்து நிக்கிறேன்... 'சரி, குடு'ன்னீங்க பாருங்க..."

முடிக்கவில்லை. மழைக்குள் கால் வைத்தவன், மறுபடி தலையை மட்டும் உள்ளே நீட்டினான். இப்போது கண்ணில் பழைய குறும்பு.

"அண்ணே, அடுத்து யாரையாவது சாகடிக்கிறதா இருந்தா, முன்கூட்டியே சேர்வரைப் பெருசாக்கி வைக்கணும். முதல் நாளே எனக்கு ஒரு மிஸ்ட் கோல் குடுக்கிறீங்களா?"