விடைச்சொல் பூட்டு

2087 மே 14, புதன்கிழமை. முற்பகல் 11.05 மணிக்குக் கோவில்பட்டியில் வெப்பம் 46 பாகை. இலுப்பையூரணிச் சாலையில் ஒரு வீட்டு வாசலில் நின்ற கார் கிளம்பவில்லை.

காருக்குள் அதன் உரிமையாளர் தர்ஷனின் உடல் இருந்தது. வயது 74. வெயிலில் இறந்தவர்களுக்காக நகராட்சி ஊர்திகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால், பின்னிருக்கைகளை மடக்கி அவரைச் சொந்தக் காரிலேயே கிடத்தியிருந்தார்கள். மின்மயானத்தில் அவருடைய முறை 12.20. தவறினால் அடுத்தது நான்கு நாள் கழித்து. குளிர்பெட்டியை அடுத்த சாவு வீட்டார் வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

மகள் பூவிழி மின்கலத்தைப் பார்த்தாள். தொண்ணூறு விழுக்காடு இருந்தது. கதவுகளைத் திறந்து மூடினாள். மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி இணைத்தாள். திரையில் ‘காத்திருக்கிறேன்’ என்ற சொல் மாறவில்லை. அவள் காலையிலிருந்து அழவில்லை. இப்போதும் அழவில்லை.

“தள்ளிப் பாப்பமா?” என்றான் பக்கத்து வீட்டு ஜெபின்.

“தள்ளுனா சக்கரம் பூட்டிக்கிடும்ணே.”

பழுது மையத்தை அழைத்தாள். செல்வின் என்ற பணியாளன் தூரத்திலிருந்தே காரைத் துழாவிவிட்டுச் சொன்னான்: “வண்டியில கோளாறு இல்லக்கா. ‘போயிட்டு வாரேன்’னு யாரும் சொல்லல. அதான்.”

தானோட்டிக் கார்களில் ஆட்களைக் கடத்திப் போவது பெருகிய பிறகு வந்த ஏற்பாடு அது. பெயர் விடைச்சொல் பூட்டு. வீட்டிலிருந்து யாரும் சொல்லாமல் கிளம்பமாட்டார்கள் என்பதை லட்சம் தமிழ் வீடுகளில் கேட்டுக் கற்றிருந்தது. சொல்லாத பயணம் கட்டாயப் பயணம். குடும்பத்தார் ஒருவரின் குரலில் அந்தச் சொல் விழும்வரை கார் நகராது.

பூவிழி வாயைத் திறந்தாள். ஹரிணி அத்தை அவள் வாயைப் பொத்தினாள்.

“ஏட்டி, எழவு வீட்டு வாசல்ல நின்னு வாரேன்னு சொல்லுவியா? இன்னொரு சாவக் கூப்பிடுதியா?”

“நேரமாவுது அத்தை.”

“ஆவட்டும். என் அண்ணனக் கொண்டாந்து மறுபடி உள்ள வச்சாலும் சரி, அந்தச் சொல்லு வரப்பிடாது. நாங்கூடச் சொல்லமாட்டேன்.”

செல்வின் இருமினான். “சாவு வீட்டுக்குன்னு தனியா எதுவும் எழுதலக்கா. யாருக்கும் தோணல.”

மகன் ஆதிரன் நிலவுக் குடியேற்றத்திலிருந்து காரின் திரையில் வந்தான். பதினோரு ஆண்டுகளாக அங்கே வேலை. “நான் சொல்லுதேன். நான் அங்க இல்லியே, எனக்கென்ன?” என்றான். பிறகு காரிடம், “போயிட்டு வாரேன்,” என்றான்.

கார் அவனுடைய குரலை அடையாளம் கண்டது. ‘இக்குரல் நிலவு அழைப்புகளில் 212 முறை வாரேன் என்றிருக்கிறது. திரும்பி வந்தவை: 0. சொல் ஏற்கப்படவில்லை.’

ஆதிரன் தன் காணொளியை நிறுத்தினான். குரல் மட்டும் கேட்டது. “லீவு தரமாட்டேங்கான். அப்பாக்குத் தெரியும்.”

11.50 ஆயிற்று. செல்வின் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அக்கா, உங்கப்பா குரல் வண்டியிலயே இருக்கு. போடவா?”

பூவிழி அத்தையைப் பார்த்தாள்.

“அண்ணனே சொன்னா யாரு தடுக்கப்போறா,” என்றாள் அத்தை.

“தாயி, கடைக்குப் போயிட்டு வாரேன். கதவச் சாத்திக்கோ,” என்றார் தர்ஷன், மிக அருகிலிருந்து.

‘4,106 முறை. திரும்பி வந்தவை: 4,106. ஏற்கப்பட்டது.’

கார் கிளம்பியது. 12.16க்கு மயானத்தை அடைந்தது. நான்கு நிமிடம் மிச்சம். பூவிழி உலையின் பொத்தானை அழுத்தினாள். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது.

திரும்பும்போது கார் மறுபடி கிளம்பவில்லை. பூவிழி, அத்தை, ஜெபின் மூவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ‘காத்திருக்கிறேன்’.

“இப்ப என்னடே?” என்றாள் அத்தை.

செல்வின் மையத்திலிருந்தே பார்த்துச் சொன்னான்: “வாரேன்னு சொன்ன ஆளு இன்னும் ஏறலியாம். அவர விட்டுட்டு வராதாம். நம்பகம் நூத்துக்கு நூறு இருக்கதால என்னால ரத்து பண்ண முடியல. அதுவா ஓயணும். மூணு நாளாவும்.”

மூவரும் இறங்கினார்கள். கார் பின்கதவைத் திறந்துவைத்தது. வீடு நான்கு கிலோமீட்டர். நடந்தார்கள். வழக்கப்படி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.