மூன்றரை மணி நேர மூச்சு

காலை 6.50. பஸ் டிரைவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மூக்கின்மேல் ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் உஸ்ஸென்று காற்று தள்ளும் மெஷின். அவர் இறந்த செய்தியை அதற்கு யாரும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை விழுங்கினார். நான்கு வருடமாக அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. பிணங்களைப் பார்த்தால் லேசாகப் பொறாமை வரும்.

“நாப்பத்தாறு வயசு சார் என் தம்பிக்கு. இவ பால்ல எதையோ கலந்திருக்கா” என்றாள் இறந்தவரின் அக்கா. போலீசுக்குப் போன் செய்தவள் அவள்தான்.

மனைவி கட்டிலோரம் நின்று ஈரத் துண்டால் தன் முகத்தைத் துடைத்தாள். இன்ஸ்பெக்டர் வந்த பிறகு இது மூன்றாவது தடவை.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், டிரைவரின் கையை மடக்கிப் பார்த்தார். விறகுக்கட்டை. “விஷத்துக்கு அறிகுறி இல்ல. தூக்கத்துல இவருக்குத் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சை அடைச்சிடும். மணிக்கு நாப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மூளை திடுக்குனு எழுப்பி விடும். நேத்து எழுப்பல. ரெண்டு மணிக்கு முன்னாடியே போயிட்டார்.”

“அப்ப மெஷின்?”

“அடைக்காம இருக்கத்தானே அது? மாட்டிக்கிட்டு எப்படிச் செத்தார்னுதான் புரியல.”

7.25. மெஷின் டெக்னீஷியன் வந்து, அதன் மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டார். “கோளாறு எதுவும் இல்ல சார். எண்பத்தொன்பது ராத்திரி, ஒண்ணுகூட விடல. தொண்ணூறு முடிஞ்சா, கார்டைப் பாத்துட்டு, இந்த வியாதிக்காகப் பறிச்ச பஸ்ஸை டிப்போல மறுபடி குடுத்திருப்பாங்க.”

“நேத்து?”

“10.15க்கு ஆரம்பம். 5.32 வரைக்கும் சீரான மூச்சு. ஒரு தடவைகூட நிக்கல. அப்புறம் வெறும் காத்து.”

“ரெண்டு மணிக்குச் செத்தவர் அஞ்சரை வரைக்கும் மூச்சு விட்டிருக்கார். உயிரோட இருக்கற நானே இவ்வளவு ஒழுங்கா விட்டதில்ல” என்றார் இன்ஸ்பெக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

முகமூடியைத் தூக்கினார். தலைக்குப் பின்னால் போகும் பட்டை மாட்டப்படவேயில்லை. டிரைவரின் தலைக்கு அது எட்டாத அளவில் இருந்தது. கன்னத்தில் ஒரு கோடுகூட இல்லை.

“துண்டைக் கொஞ்சம் எடும்மா” என்றார் மனைவியிடம்.

எடுத்தாள். மூக்கோரத்திலிருந்து காது வரை, இரு கன்னத்திலும் சிவந்த தடம். எண்பத்தொன்பது இரவுகள் பதித்தது தண்ணீரில் போகுமா?

“கார்டுல இருக்கறது உன் மூச்சு” என்றார் மெதுவாக.

“மாட்டினா தலகாணி வெச்சு அமுக்கற மாதிரி இருக்குன்னு பிடுங்கிப் போட்டுடுவார் சார். பஸ் இல்லாம அவர் பாதி ஆளாயிட்டார். தொண்ணூறு நாள்தானேன்னு நானே மாட்டிக்கிட்டேன். காலைல தொட்டுப் பாத்தா சில்லுனு இருந்தார். காத்து உள்ள போனா எழுந்துடுவார்னு அவருக்கு மாட்டினேன்.”

அக்கா தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“விஷம் இல்லம்மா. கொலையும் இல்ல. மெஷின் இவ முகத்துல இருந்ததுதான் காரணம்” என்றார் இன்ஸ்பெக்டர் அவளிடம். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

“இன்னொண்ணும் எழுதிக்கோங்க சார்” என்றாள் மனைவி. “பதினெட்டு வருஷமா எனக்குக் கோழித் தூக்கம். அவர் குறட்டை நின்னா முழிச்சுப்பேன். தோள்ல தட்டுவேன், மூச்சு வந்துடும். இதை மாட்டிக்கிட்டா காதுல காத்துச் சத்தம் மட்டும்தான்.” துண்டை மடித்தாள். “எண்பத்தொன்பது நாளும் நல்லாத் தூங்கினேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். வேறென்ன செய்வதென்று தெரியாமல், கை நீட்டி மெஷினை அணைத்தார்.

அறையில் சத்தம் நின்றது.

நின்ற அந்தக் கணத்தில், அவள் கை தானாக நீண்டு, டிரைவரின் தோளைத் தட்டியது.