அடிக்குரல்

புதிதாகக் கட்டப்போகும் கடற்சுவருக்கு வெளியே தங்கள் ஊரை விட்டுவிடலாம் என்று மணல்குறிச்சி மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் ஊருக்குப் பின்னால் எழும்பும். இரண்டு மழைக்காலத்தில் வீடுகள் தண்ணீருக்குள் போய்விடும். தெரிந்தும் காலையிலிருந்து வரிசை குறையவில்லை. கேட்டால் எல்லோரும், "யாரும் சொல்லல, நாங்களா யோசிச்சு எடுத்த முடிவு" என்றார்கள்.

செவிமணி பழுதுபார்க்கும் ஜெசிந்தா மட்டும் அதை நம்பவில்லை. ஊரில் எல்லோர் காதிலும் அந்தக் குன்றிமணி அளவுக் கருவி இருந்தது. வானிலை, மீன் விலை, ஜெபம் எல்லாம் அதில்தான். முந்தின நாள் ஒன்றைப் பிரித்தபோது, காதுக்கு எட்டாத அடுக்கில் ஏதோ ஓடுவதைக் கண்டாள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். மணியின் சொந்தக்காரருடைய குரலேதான். மனசுக்குள் பேசிக்கொள்வதுபோலப் பேசியது.

வாக்களிக்கக் கிளம்பிய கணவன் அமல்தாஸை வாசலில் மறித்து, அவன் மணியைக் கழற்றித் தன் சோதனைப் பெட்டியின் ஒலிபெருக்கியில் மாட்டினாள்.

"போதும்டா இந்தக் கடலோட மல்லுக்கட்டு. மகனுக்காகவாவது போயிரலாம்," என்றது அமல்தாஸின் குரல்.

"கேட்டீங்களா? சுவரு கட்டுறவனுங்க தினம் ஆயிரம் தடவை இத உங்க காதுல ஊத்துறானுங்க!"

"என் குரல்தானே ஜெசி? நான் நெனச்சதத்தானே சொல்லுது?"

"நெனைக்க வெச்சிருக்கானுங்க! நம்ம பொண்ணு ரீத்தாவோட கல்லறை முங்கிப்போகும்ங்க. அவள விட்டுட்டு வர நீங்களா நெனைப்பீங்களா?"

அவன் கண் கலங்கியது. "மணியக் கழட்டியாச்சுல்ல? இப்பவும் அதேதான் தோணுது. விடு." அவளை விலக்கிவிட்டு நடந்தான்.

ஊரே மயங்கிக் கிடக்க, தனக்கு மட்டும் ஏன் உறைத்தது? ஜெசிந்தா தன் மணியையும் மாட்டினாள்.

"விட்டுடாத ஜெசிந்தா," என்றது அவள் குரல். "ரீத்தா இங்கதான் கெடக்கா. நீ எதிர்த்து நில்லு. கத்து."

பெட்டியின் திரையில் ஒரு குறிப்பு ஓடியது: 'எதிர்ப்பாளர். பத்தில் ஒருவர் தேவை. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வாக்கெடுப்பை யாரும் நம்பமாட்டார்கள்.'

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் ரீத்தாவுக்காக அழுதாளே, அந்த அழுகையாவது அவளுடையதா? வாய்விட்டு அழப் பார்த்தாள், வரவில்லை.

வாக்குச்சாவடி மூட ஐந்து நிமிடம் இருக்கையில் ஓடிப்போய் 'வேண்டாம்' பொத்தானை அழுத்தினாள். வேறு எதை அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதிகாரி எழுந்து நின்று கைகூப்பினார். "ரொம்ப நன்றிம்மா. உங்கள மாதிரி நாலு பேரு துணிஞ்சு எதிர்க்கிறதாலதான் இது நேர்மையான வாக்கெடுப்பு."