நவநாள் முடியும் வரை

வல்பரைசோவில் ஒரு மக்கள் பிரதிநிதி தேர்தல் இல்லாத காலத்தில் படி ஏறி யாரையாவது பார்க்க வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அந்த வியாழக்கிழமை மதியம் எதெல்மிரா குதுருஃபோ நூற்று நாற்பது படிகள் ஏறி, மூச்சு வாங்க, வென்செஸ்லாவோ பாராசாவின் கதவைத் தட்டினார். கையில் ஒரு காகித உறை. கண்கள் இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

வென்செஸ்லாவோ முப்பத்தெட்டு வருடம் மக்கள் பிரதிநிதிகள் சபையின் செயலாளராக இருந்து ஓட்டு எண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகும் அரசியல்வாதிகள் தங்கள் சிக்கல்களை அவரிடமே கொண்டுவந்தார்கள். எதையும் அவசரப்படாமல் கேட்பார், வெளியே சொல்ல மாட்டார். எல்லாரும் அவரை மரியாதையாகத் 'தோன்' போட்டே அழைப்பார்கள். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த யாஸ்னா துறைமுக வானொலியில் செய்தியாளர். அவளுக்கு நேர் எதிர் சுபாவம். தட்டிய சத்தம் கேட்டதும் கதவைத் திறந்தவள் அவள்தான்.

"தோன் வென்செஸ்லாவோ, என்னைத் திருடின்னு சொல்றாங்க," என்றார் எதெல்மிரா, உட்காருவதற்கு முன்பே. "எங்க ஊர்ல என் வீட்டுச் சுவர்ல 'தண்ணிய வித்தவ'ன்னு எழுதி வச்சிருக்காங்க."

யாஸ்னா தேநீரும், ரொட்டியும், மசித்த பால்ட்டா என்ற வெண்ணெய்ப் பழமும் கொண்டுவந்து வைத்தாள். எதெல்மிரா பழத் தட்டை மட்டும் மெல்லத் தள்ளி வைத்தார். அவருடைய மொய்யாக்கா பள்ளத்தாக்கின் ஆற்றை அந்தப் பழத் தோட்டங்கள்தான் குடித்துத் தீர்த்தன. அங்கே ஜனங்கள் வாரத்துக்கு ஒரு முறை வரும் லாரித் தண்ணீரில் குளித்து, சமைத்து, மீதியைக் குடிக்கிறார்கள். தோட்டத்துக்கு முன்னால் குடிதண்ணீர் என்று சொல்லும் மசோதா முந்தின நாள் புதன்கிழமை ஓட்டுக்கு வந்தது. எழுபத்துநாலுக்கு எழுபத்துநாலு. சமமானால் மசோதா விழும். விழுந்தது.

"நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பலகையில பச்சை எரிஞ்சது. எண்ணி முடிச்சப்புறம் என் ஓட்டை எடுத்துட்டாங்க. நான் எதிர்க்கட்சி இரியார்த்தேயோட ஜோடியாம்."

ஜோடி என்பது அந்தச் சபையின் பழைய வழக்கம். ஒரு கட்சிக்காரர் வர முடியாமல் போனால், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தானும் ஓட்டுப் போடுவதில்லை என்று கையெழுத்துக் கொடுப்பார். இருவர் ஓட்டும் சேர்ந்து விலகும், யாருக்கும் நஷ்டமில்லை. ஜோடியை முறித்தவனோடு அதன் பிறகு ஒருவரும் காப்பி குடிக்க மாட்டார்கள்.

"கையெழுத்து உங்களதா?" என்றார் வென்செஸ்லாவோ.

"என்னதுதான். போன வாரம் திங்கக்கிழமை அவர் சம்சாரம் தவறிட்டாங்க. புதன்கிழமை அடக்கம். நான் துக்கத்துக்குப் போனேன். மனுஷன் சுவரைப் பிடிச்சிக்கிட்டு நின்னார். பத்து வருஷமா என்னோட சண்டை போட்டவர்தான், ஆனா பார்க்கச் சகிக்கல. 'நவநாள் ஜெபம் முடியிற வரைக்கும் நீங்க சபைப் பக்கம் வர வேண்டாம், நான் உங்க ஜோடி'ன்னு சொல்லி, அங்கேயே ஒரு தாளில எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கள்ல இருந்து ஒன்பது நாள்னா செவ்வாயோட முடிஞ்சிருச்சு. புதன்கிழமை நான் சுதந்திரமானவ. ஆனா செயலகம் கேட்டப்போ அவர் 'இன்னும் முடியல, வியாழன்தான்'னு சொல்லியிருக்கார். துக்கக்காரர் சொல்தான் கணக்குன்னு என்னைத் தூக்கிட்டாங்க. செத்துப்போன பொண்டாட்டிய வச்சு என்னை ஏமாத்திட்டார். நாளைக்கு மதியம் பத்திரிகைக்காரங்க முன்னாடி இதைச் சொல்லப் போறேன். ஆதாரம் மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சபையின் எல்லாப் பெயர்களும் அதில் இருந்தன. ஆதரவுக்குப் பச்சைப் புள்ளி, எதிர்ப்புக்குச் சிவப்புப் புள்ளி, வராதவர்களுக்கு வெறும் வட்டம். "என் அலுவலகத்தைப் பார்த்துக்கிற நிபால்தோ செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டது. எழுபத்தஞ்சுக்கு எழுபத்துநாலு. ஒரு ஓட்டுல ஜெயிச்சிருக்கணும். அப்படியே நடந்தது பாருங்க, என் பேர் ஒண்ணைத் தவிர."

வென்செஸ்லாவோ தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இரியார்த்தே எந்த ஊர்க்காரர் என்று கேட்டார்.

"தெற்குத் தீவுல பிறந்தவர். ஏன்?"

"சும்மாதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நிபால்தோவையும் கூட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க."

எதெல்மிரா படியிறங்கிப் போனதும் யாஸ்னா பொறுமை இழந்தாள். "ஜோடித் தாளை மாத்தியிருக்காங்க, தோன் வென்செ. மையைப் பரிசோதிச்சா தெரிஞ்சிடும்."

"'நவநாள் முடியிற வரைக்கும்'னுதானே எழுதினதாச் சொன்னாங்க, அதுல தேதியே இல்ல, மகளே. இல்லாததை யார் மாத்துறது? நீ போய் வேற ஒண்ணு பார்த்துட்டு வா. இரியார்த்தே பதினாறு வருஷமா சபையில இருக்கார். தண்ணி சம்பந்தமா வந்த ஒவ்வொரு ஓட்டுலயும் அவர் என்ன பண்ணினார், வெளியே என்ன பேசினார், ரெண்டையும் எழுதிட்டு வா."

"அது ஊருக்கே தெரியுமே. தோட்டக்காரங்க கட்சி. எதிர்த்துதான்."

"ஊருக்குத் தெரிஞ்சதை யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க. நீ பாரு."

மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்த யாஸ்னாவின் முகத்தில் குழப்பம் இருந்தது. தண்ணீருக்காகப் பதினோரு ஓட்டெடுப்பு. இரியார்த்தே மேடையிலும் வானொலியிலும் ஒன்பது முறை காரசாரமாக எதிர்த்துப் பேசியிருந்தார். சபையில் எதிர்த்து ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை. பதினோரு முறையும் யாருடனோ ஜோடி. ஒரு முறை பல்வலி, ஒரு முறை மருமகள் பிரசவம், ஒரு முறை பாலத்தில் வெள்ளம்.

வென்செஸ்லாவோ அந்தப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டார். அதில் ஏழு ஜோடிகளைச் சபையில் தன் வாயாலேயே வாசித்தவர் அவர். ஒரு தடவையாவது தலையை நிமிர்த்தி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. முப்பத்தெட்டு வருடம் எண்ணினோமே தவிர எதைக் கவனித்தோம் என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. தொலைபேசியை எடுத்துத் தெற்கே ஒரு எண்ணைச் சுழற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை காஸ்பர் இரியார்த்தே இரவுப் பேருந்திலிருந்து நேராக வந்து சேர்ந்தார். கறுப்பு டை, மூன்று நாள் தாடி. எதெல்மிரா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். எதெல்மிராவின் பின்னால் நிபால்தோ, மொய்யாக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒல்லியான நடுவயதுக்காரன், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"உட்காருங்கம்மா," என்றார் வென்செஸ்லாவோ. "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இதுல ஏமாத்து வேலை இல்ல. உங்க வடக்குல உயிர் போன நாள்ல இருந்து நவநாள் எண்ணுவாங்க. தெற்குத் தீவுல மண்ணு போட்ட நாள்ல இருந்து எண்ணுவாங்க. அடக்கம் போன வாரம் புதன்கிழமை. அதுல இருந்து ஒன்பது நாள்னா நேத்து வியாழன். தாள்ல ரெண்டு பேரும் தேதி எழுதல. அவங்கவங்க ஊர்க் கணக்குதான் உலகக் கணக்குன்னு நினைச்சிட்டீங்க."

எதெல்மிரா மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ வெறும் தப்புதானா?"

"அவ்வளவோட போயிருந்தா நல்லாயிருக்கும்." வென்செஸ்லாவோ வட்டமும் புள்ளியுமாக இருந்த தாளை மேசையில் விரித்தார். "இது செவ்வாய்க்கிழமை போட்ட பட்டியல். உங்க கணக்குப்படி நவநாள் அன்னியோட முடியுது. அப்போ புதன்கிழமை இரியார்த்தே சபைக்கு வருவார், வந்து எதிர்த்து ஓட்டுப் போடுவார்னுதானே எழுதணும்? அவர் பேருக்கு நேரா சிவப்பு இல்ல, வட்டம் இருக்கு. வரமாட்டார்னு நிபால்தோவுக்கு முந்தின நாளே தெரிஞ்சிருக்கு. தெற்குக் கணக்கை அவனுக்கு யார் சொன்னது?"

இரியார்த்தேதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "நான்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில இவங்க அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். 'நவநாள் வியாழன் வரைக்கும் இருக்கு, ஆனா புதன்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் ஜோடியில இருந்து என்னை விடுவிங்களா, நான் வந்து ஓட்டுப் போடணும்'னு கேட்டேன். அம்மா முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு இவர் சொன்னார். குடுத்த வாக்கு, சரின்னு வச்சிட்டேன்."

"என்கிட்ட யாரும் கேட்கவேயில்லையே," என்றார் எதெல்மிரா.

நிபால்தோ வியர்த்திருந்தான். "அம்மா, அவர் வந்தா எதிர்த்துப் போடுவார், நம்ம ஓட்டு அதுக்கு ஈடாப் போயிடும்னு நினைச்சேன். அவர் கணக்குல அவர் வீட்டோட இருக்கட்டும், நம்ம கணக்குல நீங்க போய்ப் போடலாம். ஒரு ஓட்டு லாபம். செயலகம் போன் பண்ணிக் கேட்கும்னு எனக்குத் தோணல. எல்லாம் நம்ம தண்ணிக்காகத்தான் பண்ணினேன்."

"இப்போ அடுத்ததைக் கேளு," என்றார் வென்செஸ்லாவோ. அவருக்கு அதைச் சொல்லவே பிடிக்கவில்லை. "எதிர்த்து ஓட்டுப் போடறதுக்கு ஒரு மனுஷன் பொண்டாட்டி நவநாளை விட்டுட்டுப் பேருந்து ஏறுவானா? வீட்டுல இருந்தாலே அவர் கட்சிக்கு நஷ்டமில்லையே. பதினாறு வருஷமா தண்ணிக்கு எதிரா ஒரு ஓட்டுக்கூடப் போடாதவர் இவர். ஒவ்வொரு தடவையும் ஜோடி தேடி ஓடியிருக்கார். தோன் காஸ்பர், நீங்க புதன்கிழமை என்ன பொத்தானை அழுத்த இருந்தீங்க?"

இரியார்த்தே டையைத் தளர்த்தினார்.

"பச்சை. என் சம்சாரம் வடக்கத்திப் பொண்ணு. மொய்யாக்காவுக்கு அடுத்த பள்ளத்தாக்கு. கல்யாணத்தப்பவே சொல்லிட்டா, தண்ணிக்கு எதிரா நீ கை தூக்கினா நான் வீட்டுல இருக்கமாட்டேன்னு. தண்ணிக்கு ஆதரவாப் போட மாட்டேன்னு கட்சிக்காரங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருந்தேன். வாயால கட்சிக்கு உழைச்சேன், கையை வீட்டுக்காகக் கட்டிக்கிட்டேன். கடைசியா ஆஸ்பத்திரியில, 'ஒரே ஒரு தடவை எனக்காகப் போடு'ன்னு கேட்டா. சரின்னேன்."

"ஏன் போன்லயே சொல்லல?" என்று யாஸ்னா கேட்டாள்.

"பத்து வருஷம் இந்தம்மாவைத் திட்டிட்டு, எந்த வாயால சொல்றது? நேரா வந்து போட்டா போதும்னு நினைச்சேன். அவ ஊர்க் கணக்குப்படி பார்த்தா நவநாளும் முடிஞ்சிருந்தது. எனக்குத்தான் அது தோணல."

எதெல்மிரா விரல் விட்டு எண்ணினார். எழுபத்துநாலோடு இரண்டு. எழுபத்தாறுக்கு எழுபத்துநாலு. விழுந்த மசோதா திரும்பவும் சபைக்கு வர ஒரு வருடம் ஆகும். இரியார்த்தேயின் பதவிக்காலம் மார்ச்சில் முடிகிறது, அவர் மறுபடி நிற்கவில்லை. நிபால்தோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எதெல்மிரா அவனைத் திட்டவில்லை. "உங்க அம்மாவும் லாரிக்கு வாளியோட வரிசையில நிக்கிறவங்கதானே. அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

மதியம் சபைப் படிக்கட்டில் ஒலிவாங்கிகள் காத்திருந்தன. எதெல்மிரா இரியார்த்தேயைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "துக்கத்துல இருந்தவருக்கு வாக்குக் குடுத்தேன். நாளைத் தப்பா எண்ணிட்டேன். மொய்யாக்கா ஜனங்க என்னை மன்னிக்கணும்," என்றார். ஒரு பத்திரிகைக்காரன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "எப்படியும் அவர் வந்திருந்தா எதிர்த்துதானே போட்டிருப்பார்?"

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற இரியார்த்தே முன்னால் வந்தார். "ஆதரவாப் போட்டிருப்பேன். அதுக்காகத்தான் வர அனுமதி கேட்டேன்," என்று கரகரத்த குரலில் சொன்னார். இதைச் சொன்னால் கட்சி அவரை அன்றைக்கே நீக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நீக்கவும் செய்தது.

ஆனால் யாரும் நம்பவில்லை. மறுநாள் பத்திரிகைகள் அதை ஒரு கனவானின் பெருந்தன்மையான பொய் என்று எழுதின. துக்கத்துக்கு வந்த பெண்ணைக் காப்பாற்ற மனைவியை இழந்தவர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டாராம். ஒன்பது பேச்சுகளையும் தேதிவாரியாக அச்சிட்டிருந்தார்கள். யாஸ்னா பதினோரு ஜோடிகளின் பட்டியலை வானொலியில் படித்துக் காட்டினாள். தொலைபேசியில் வந்தவர்கள், பதினோரு முறை ஓடி ஒளிந்த கோழை என்றார்கள். மொய்யாக்காவில் எதெல்மிரா அது உண்மைதான் என்று சொன்னபோது, அங்கே இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அவர் வீட்டுச் சுவரில் இருந்ததை யாரும் அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன் இரியார்த்தே வென்செஸ்லாவோவிடம் விடைபெற வந்தார்.

"பதினாறு வருஷம் நான் பேசினது எதையும் ஒருத்தரும் சந்தேகப்படல, தோன் வென்செஸ்லாவோ. ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னேன்."

"நானும்தான் சந்தேகப்படல," என்றார் வென்செஸ்லாவோ. "உங்க ஜோடியை நானே ஏழு தடவை வாசிச்சேன்."

இரியார்த்தே தலையசைத்துவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார். சபைப் பதிவேட்டில் அந்தப் புதன்கிழமைக்கு நேராக அவர் பெயரும் எதெல்மிராவின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டு என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றுமே எழுதப்படவில்லை.