மூன்று மடக்கு மழை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மழையைத் திருடிய ஒருத்தியின் கதை இது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் எதைப் பறிகொடுத்தாள் என்பதையும் சொல்கிறேன்...

மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் அவள். விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்த தோழிகள், அவளையும் சேர்த்து நாலு பேர். “போகலாம்டி, போகலாம்டி” என்று ஏழு வருஷம் வாயாலேயே ஊர் சுற்றியவர்கள், ஒருவழியாக வேன் பிடித்து, கைபேசிக்குச் சிக்னல்கூட எட்டாத ஒரு மலைப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போன அன்று இரவு முழுக்க மழை. விடிந்து குழாயைத் திறந்தால் சேறு கொட்டியது. நம்மவள் காலி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனாள். பனிமூட்டத்துக்குள் ஒரு சின்ன வீடு. பக்கத்தில் கம்பி வேலி, அதற்குள் முழங்கால் உயரத்தில் ஒரு தகர உருளை, மேலே புனல். புனலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர், கண்ணாடி மாதிரி... மூன்று மடக்கு குடித்தாள். அடடா, தொண்டைக்குள்ளே பனி இறங்கியது போல இருந்தது! மீதியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டாள். மருந்து ஊற்றிப் பழகிய கை அல்லவா, ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

எட்டரை மணிக்கு வேனில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, காலிப் பாட்டிலோடு ஒருவன் வேகவேகமாக வந்தான்.

“இதுல இருந்த மழை எங்கே?”

தோழிகள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே அந்தக் கண்கள்... மழை விட்ட பிறகும் ஈரம் காயாத கரிய இலைகள் போல. கோபத்தில்கூட இவ்வளவு அழகாக ஒருத்தனால் பார்க்க முடியுமா என்று ஒரு விநாடி அவளுக்குத் தோன்றியது. ஒரே விநாடிதான்.

“நான்தான் எடுத்தேன். தாகம்.”

“அது மழை அளக்கிற பாட்டிலுங்க! ஒன்பது மணிக்குள்ள நான் கீழே ஆபீசுக்குக் கணக்குச் சொல்லணும். நாப்பது மில்லிமீட்டரைத் தாண்டினா ஆத்தங்கரை ஜனங்க மேட்டுக்கு ஏறுவாங்க. எங்கம்மாவும் அங்கேதான் இருக்காங்க. இப்ப நான் என்னன்னு சொல்ல? ஒரு திருடி வந்து குடிச்சுட்டுப் போயிட்டான்னா?”

எல்லோர் முன்னாலும் திருடி! அவளுக்கு முகம் சிவந்தது.

“ஆமா, குடிச்சுட்டேன். மொத்தமும் குடிச்சுட்டேன். இப்ப என்ன, வயித்தைக் கீறி எடுக்கப் போறீங்களா?”

அவன் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். அந்தக் காலிப் பாட்டில்தான் அவளைக் கூடவே வந்து குத்தியது.

வேன் மூன்றாவது வளைவில் இறங்கும்போது ஒரு தோழி பிளாஸ்க்குக்குக் கை நீட்டினாள். எதையும் நறுக்கென்று குத்திப் பேசுவதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

“கொஞ்சம் தண்ணி குடுடி.”

“வேணாம்... குடிக்காதே.”

குண்டூசி மூடியைத் திறந்து பார்த்தாள். “அடிப்பாவி! அத்தனையும் இதுலதான் இருக்கா? அரை மூடி மருந்து கூடுதலா குடுத்துட்டோம்னு வர்ற ஜனத்தையெல்லாம் கடையில நிக்க வெச்சுத் திட்டுவியே, அந்த வாய் இப்ப எங்கே போச்சு?”

அவள் பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டாள். “அண்ணே, வண்டியை நிறுத்துங்க!”

நெஞ்சோடு பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு, செருப்பில் சேறு அப்ப அப்ப, மேட்டில் ஓடினாள். போகிற வழியெல்லாம் ரோஷம் கையைப் பிடித்து இழுத்தது... திருடி என்றானே! இவள் கையை உதறிக்கொண்டே ஓடினாள்.

அவன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே பதிவேடு விரிந்து கிடந்தது. காதில் பழைய தொலைபேசி.

“சுமாரா ஒண்ணு எழுதுன்னா எப்படி சார்? பார்க்காததை நான் எழுத மாட்டேன்...”

“சார், வைக்காதீங்க!” என்றாள் வாசலில் மூச்சிரைக்க. “மழை கொண்டாந்திருக்கேன்.”

மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் அவன் ஊற்றி ஊற்றி அளந்தான். முப்பத்தொன்பது.

“நாப்பதைத் தாண்டல” என்றான், பெருமூச்சோடு.

“இருங்க... மூணு மடக்கு குடிச்சேனே.”

“மடக்குன்னா எவ்வளவு?”

அவள் விழித்தாள். பிறகு மூலையில் இருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு, காலையில் குடித்த அதே அளவு வாய் நிறைய வைத்துக்கொண்டு, குவளையைக் காட்டினாள். அவன் திரும்பி நின்றுகொண்டான். துப்பினாள். இன்னொரு தரம். மூன்றாவது தரம் அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

“சிரிச்சீங்கன்னா அளவு தப்பிரும்!”

“சிரிக்கலீங்க... இருமல்.”

“மருந்துக் கடைக்காரிகிட்டயே பொய் இருமலா?”

மூன்று மடக்கு, ஏழு கோடு. மொத்தம் நாற்பத்தாறு.

இருவர் சிரிப்பும் நின்றுபோயிற்று. அவன் தொலைபேசியில் நாற்பத்தாறு என்று இரண்டு தரம் சொன்னான். மத்தியானத்துக்குள் கரையோரத்து வீடுகளில் ஆறு ஏறிவிட்டது. ஆனால் உள்ளே ஒரு ஆள் இல்லை. அவனுடைய அம்மா கோழிக்கூடு முதற்கொண்டு மேட்டில் ஏற்றிவிட்டு, “என் பிள்ளை கணக்குத் தப்பாது” என்று பீற்றிக்கொண்டிருந்தாளாம்.

அவள் புறப்படும்போது அவன் தலை குனிந்து சொன்னான். “திருடின்னு சொல்லிட்டேன்... மன்னிச்சுருங்க.”

“எடுத்தவ திருடிதானே” என்றாள். கடையின் தொலைபேசி எண்ணை ஒரு மருந்துச் சீட்டில் எழுதி வைத்தாள். “நாளைக்கு எவ்வளவு பெஞ்சுதுன்னு சொல்லுங்க. நான் குடிக்காத மழை எவ்வளவு வருதுன்னு பாக்கணும்.”

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடையில் மணி அடித்தது. “பன்னிரண்டுங்க.” அதற்கடுத்த நாள், “அஞ்சுங்க.” சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே அவள் எழுதி வந்தாள். எண்ணுக்குப் பின்னால் மெல்ல மெல்லப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அவனுடைய அம்மாவின் கோழிகள், இவளுடைய அண்ணனின் குறட்டை, குண்டூசியின் கேலி... மணி ஒன்பது ஐந்தாகியும் அழைப்பு வராவிட்டால் இவளுக்கு மாத்திரை அட்டை மாறிப் போகும்.

பிறகு மழைக்காலம் முடிந்தது. ஒரு நாள்... இரண்டு நாள்... தொலைபேசி வாயே திறக்கவில்லை. நாமாகக் கூப்பிடுவதா? வெட்கம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். காலண்டரில் இரண்டு கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் மணி அடித்தது.

“இன்னைக்கு மழையே இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அதைச் சொல்லத்தான் ரெண்டு நாளா தைரியம் தேடிக்கிட்டிருந்தேன். காலண்டர்ல இன்னைக்குக் கட்டம் காலியா இருக்கா?”

“இருக்கு.”

“அதுல ‘சரி’ன்னு எழுதுங்க.”

“எதுக்குச் சரி?”

“நான் கேக்கப் போறதுக்கு.”

“நோயைச் சொல்லாம நான் மருந்து குடுக்கறதில்ல. முதல்ல கேளுங்க.”

“உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அன்னைக்கு மழை கொண்டாந்திருக்கேன்னு வாசல்ல நின்னீங்களே... அப்பவே. என்னைக் கட்டிக்கிறீங்களா?”

கடையில் இருமல் மருந்துக்கு மூன்று பேர் காத்து நின்றார்கள். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டி, காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“முந்தாநாளே ‘சரி’ன்னு எழுதிட்டா தேவலைன்னு இருந்துது... எனக்கும் பிடிச்சிருக்கு. அண்ணன்கிட்ட வந்து பேசுங்க” என்றாள். “வரும்போது அந்த பாட்டிலைப் பூட்டி வெச்சுட்டு வாங்க. எவளாவது வந்து குடிச்சுறப் போறா!”

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் கூரைமேல் மழை அளவோடு பெய்யட்டும். உங்கள் வீட்டில் ரோஷம் அரை நாளுக்குமேல் தங்காமல் போகட்டும். தாகத்தோடு வருகிறவருக்கு உங்கள் குடத்தில் எப்போதும் மூன்று மடக்குத் தண்ணீர் மிச்சம் இருக்கட்டும்.